ஒன்றுக்கும் உதவாத இணையதளங்களை ஏன் திறந்து பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: வேடிக்கைக்காக மட்டுமே செய்த இணையதளங்களும் குட்டி மென்பொருள்களும் அடுத்தடுத்துப் பரவிக்கொண்டே இருக்கின்றன, இவற்றில் நேரம் செலவழிப்பது வீண்தானா, எதை நம்பித் திறக்கலாம், இந்தப் போக்கு எங்கே போகிறது?

வீண் இல்லை என்பதே என் பதில். ஒரு பெரிய நிறுவனம் மாதக்கணக்கில் திட்டமிட்டு வெளியிடும் செயலியைவிட, தனியொருவர் ஆசைக்குச் செய்து போடும் ஒற்றைப் பக்கத்தில்தான் இணையத்தின் இயல்பு பளிச்சென்று தெரிகிறது. லிங்க்கைத் தட்டினால் திறக்கிறது. கணக்கு தொடங்கச் சொல்வதில்லை. பத்து நொடியில் புரிந்துவிடுகிறது. ஆனால் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே வந்து என்ன செய்வார்கள் என்பதை, அதைச் செய்தவராலேயே முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. நல்ல தளங்களின் பட்டியலை எங்கு தேடினாலும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக, பத்து லட்சம் கட்டங்கள் என்ற ஒரே எண்ணத்தில் வெவ்வேறு காலத்தில் பிறந்த மூன்று பக்கங்களைப் பற்றிச் சொல்கிறேன். இருபது ஆண்டுகளில் என்ன மாறியது என்பது அதிலேயே விளங்கும்.

2005 ஆகஸ்டில் அலெக்ஸ் ட்யூ என்ற 21 வயது இங்கிலாந்து இளைஞர், பல்கலைக்கழகச் செலவுக்குப் பணம் சேர்க்க ஒரு பக்கம் தொடங்கினார். அகலம் 1000 பிக்ஸல் (திரையின் மிகச் சிறிய புள்ளி), உயரம் 1000 பிக்ஸல். ஒரு பிக்ஸலுக்கு ஒரு டாலர். ஒற்றைப் பிக்ஸல் கண்ணுக்கே தெரியாது என்பதால் பத்துக்குப் பத்து கட்டமாக, குறைந்தது 100 டாலருக்கு வாங்க வேண்டும். வாங்கியவர் அந்த இடத்தில் தன் படத்தை வைத்து, தன் தளத்துக்கு லிங்க் கொடுத்துக்கொள்ளலாம். 'மில்லியன் டாலர் ஹோம்பேஜ்' என்ற அந்தப் பக்கம் சில மாதங்களிலேயே நிரம்பிவிட்டது. கடைசி 1000 பிக்ஸல் 2006 ஜனவரியில் ஈபேயில் 38,100 டாலருக்கு ஏலம் போக, மொத்த வசூல் 10,37,100 டாலர் ஆனது. பக்கத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை, நெருக்கியடித்த குட்டி விளம்பரங்கள்தான். "இது நிரம்பிவிடுமா?" என்ற ஆவலே ஆட்களைக் கொண்டுவந்தது, ஆட்கள் வந்ததால் விளம்பரம் கொடுப்பவர்கள் வந்தார்கள். அன்றைய இணையத்தில் இடம் என்றால் விலைக்கு விற்கும் பொருள்.

அதே ஆயிரத்துக்கு ஆயிரம் அளவில், 2017 ஏப்ரல் 1 அன்று ரெட்டிட் என்ற விவாதத் தளம் 'ப்ளேஸ்' என்ற வெற்றுப் பலகையைத் திறந்துவிட்டது. இந்த முறை பிக்ஸல் இலவசம், ஆனால் ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான். 16 நிறங்களில் ஒன்றைத் தேர்ந்து ஒரு புள்ளி வைத்தால், அடுத்ததற்கு 5 முதல் 20 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். உங்கள் புள்ளிமேல் யார் வேண்டுமானாலும் வேறு நிறம் வைக்கலாம். தனியாளாக உட்கார்ந்தால் ஒரு சின்ன முகத்தைக்கூட வரைந்து காப்பாற்ற முடியாது. ஆகவே ஆட்கள் அணி சேர்ந்தார்கள், முறை வைத்துக் காவல் காத்தார்கள், பக்கத்து அணியோடு எல்லைப் பேச்சு நடத்தினார்கள். கொடிகள் விரிந்தன, மோனா லிசா வந்தாள், எல்லாவற்றையும் கறுப்பாக்கியே தீருவோம் என்று ஒரு கூட்டமும் கிளம்பியது. 72 மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சுமார் 1.6 கோடிப் புள்ளிகளை வைத்தார்கள்.

இதற்குத் தலைமை தாங்கியவர் ஜோஷ் வார்டில். 2015-இல் 'தி பட்டன்' என்ற விளையாட்டையும் ரெட்டிட்டில் அவர்தான் உருவாக்கினார். ஒரு பொத்தான், 60 நொடிக் கடிகாரம்; யாராவது அழுத்தினால் கடிகாரம் மறுபடி 60-இலிருந்து தொடங்கும்; ஒரு கணக்குக்கு ஒரே ஒரு அழுத்தல். ஏப்ரல் 1-இல் ஆரம்பித்தது ஜூன் 5 வரை பூஜ்யத்தைத் தொடவே இல்லை. பத்து லட்சத்துக்கும் சற்று அதிகமானவர்கள் அதை அழுத்தியிருந்தார்கள். பின்னர் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் ஊகிக்கும் 'வேர்டில்' விளையாட்டைச் செய்தவரும் இவரேதான். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு அழுத்தல், சில நிமிடத்துக்கு ஒரு புள்ளி, நாளுக்கு ஒரு சொல். கொடுப்பதைவிடத் தடுப்பதில்தான் இவர் கைவண்ணம் இருக்கிறது. வேடிக்கைத் தளங்களைப் பற்றி ஒன்றே ஒன்று கற்றுக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: விதி சின்னதாகவும் இறுக்கமாகவும் இருந்தால், மீதியை மக்கள் இட்டு நிரப்புவார்கள்.

வேர்டிலின் வளர்ச்சியும் அப்படித்தான் நடந்தது. 2021 நவம்பர் 1 அன்று அதை ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதம் கழித்து 3 லட்சம் பேர். இடையே நடந்தது என்னவென்றால், நியூசிலாந்தில் ஆடியவர்கள் தங்கள் முடிவைப் பச்சை, மஞ்சள் கட்டங்களாகத் தட்டிப் பகிரத் தொடங்கினார்கள்; வார்டில் அதையே ஒரு வசதியாகத் தளத்தில் சேர்த்துவிட்டார். விடை வெளியே தெரியாது, ஆடியவரின் திண்டாட்டம் மட்டும் தெரியும். விளம்பரச் செலவே இல்லாமல் உலகம் முழுக்கப் பரவ அந்தக் கட்டங்கள் போதுமானதாக இருந்தன. 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கியது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். ஆரம்ப வடிவில் விடைச்சொற்கள் அத்தனையும் பக்கத்தோடு பிரவுசருக்கு வந்து ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குள்ளேயே இருந்தன. பக்கத்தைச் சேமித்துக்கொண்டால் இணைப்பு இல்லாமலே ஆண்டுக்கணக்கில் ஆடலாம்.

மூன்றாவது பத்து லட்சத்துக்கு வருவோம். 2024 ஜூன் 26 அன்று நோலன் ராயல்டி என்ற நிரலாளர் 'ஒன் மில்லியன் செக்பாக்ஸஸ்' என்ற பக்கத்தை வெளியிட்டார். படிவங்களில் டிக் அடிக்கும் சின்னப் பெட்டி தெரியுமல்லவா, அது பத்து லட்சம். நீங்கள் ஒன்றை டிக் செய்தால் உலகில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் எல்லோருக்கும் அது டிக் ஆகும். இன்னொருவர் அதை எடுத்துவிட்டால் உங்களுக்கும் போய்விடும். அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் 5 லட்சம் பேர் வந்து 65 கோடி முறைக்கு மேல் டிக் செய்துவிட்டார்கள்.

இதன் உள்கட்டமைப்பு எளிமையின் உச்சம். ஒரு பெட்டிக்கு ஒரு பிட். டிக் என்றால் 1, இல்லையென்றால் 0. பத்து லட்சம் பிட் என்றால் 125 கிலோபைட். ஒரு சாதாரணப் புகைப்படத்தைவிடச் சிறியது. யாராவது அசிங்கமாக எதையாவது வரைந்து வைப்பார்களோ என்பதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு வரிசையில் எத்தனை பெட்டி என்பது பார்ப்பவரின் திரை அகலத்தைப் பொறுத்தது. ஒருவர் திரையில் வரைந்தது இன்னொருவர் திரையில் கலைந்துபோகும்.

அப்படியும் உள்ளே ஒரு கூட்டம் எழுதிக்கொண்டிருந்தது. ஒருநாள் சர்வரில் இருந்த தரவை நேரடியாக எடுத்து எழுத்துகளாக வாசித்துப் பார்த்தபோது, அதில் ஒரு இணைய முகவரி திரும்பத் திரும்ப வருவதை ராயல்டி கண்டார். யாரோ சர்வருக்குள் புகுந்துவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தார். பிறகுதான் விஷயம் புரிந்தது. எட்டுப் பெட்டி சேர்ந்தால் ஒரு பைட், ஒரு பைட் என்றால் ஒரு ஆங்கில எழுத்து. தானாகவே டிக் செய்யும் குட்டி நிரல்களை, அதாவது பாட்களை எழுதி, சரியான பெட்டிகளை மட்டும் டிக் செய்து, தரவின் அடியாழத்தில் செய்தி விட்டிருந்தார்கள். கண்ணால் பார்ப்பவருக்கு அது வெறும் தாறுமாறான டிக்குகள். பைட்டாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அது அழைப்பிதழ். அந்த முகவரி டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் இருந்த ஒரு குழுவுக்குக் கூட்டிப்போனது. அங்கே இருந்தவர்களில் பலர் பதின்ம வயதினர். பெட்டிகளை ஆயிரத்துக்கு ஆயிரம் படமாக அடுக்கினால் தெரியும்படி ஓவியங்களும், நகரும் படங்களும்கூட அவர்கள் வரைந்திருந்தார்கள். ராயல்டி அவர்களை விரட்டவில்லை. உற்சாகத்தோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார், பிறகு அந்தக் கதையை விரிவாக எழுதியும் வைத்தார். மூடும் நேரம் வந்தபோது புது விதி ஒன்று போட்டார்: டிக் செய்த பெட்டியை யாரும் சட்டென்று எடுக்காவிட்டால் அது அப்படியே உறைந்துவிடும். பெட்டிகள் ஒவ்வொன்றாக உறைந்து, விளையாட்டு தானாக முடிவுக்கு வந்தது.

நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகளுக்குப் பிட், பைட், எழுத்துக் குறியீடு ஆகியவற்றைப் பாடமாக நடத்துவதைவிட இந்தக் கதையைச் சொல்வது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம். 2005-இல் விலைக்கு விற்ற பத்து லட்சம், 2017-இல் பங்கு போட்டுக்கொண்ட பத்து லட்சம், 2024-இல் ரகசியம் எழுதும் தாளாகிவிட்டது.

இந்த வகையில் இன்று தவறவிடக் கூடாத ஒருவர் நீல் அகர்வால். அவருடைய 'நீல் டாட் ஃபன்' தளத்தில் பல பக்கங்கள் உண்டு. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2023 ஜூனில் வந்த 'பாஸ்வேர்ட் கேம்', கடவுச்சொல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஐந்து எழுத்தாவது வேண்டும், ஓர் எண் வேண்டும், ஒரு பெரிய எழுத்து வேண்டும் என்று எல்லாத் தளங்களையும் போலவே ஆரம்பிக்கும். பிறகு எண்களின் கூட்டுத்தொகை 25 ஆக வேண்டும் என்கிறது. ரோமன் எண்களைப் பெருக்கினால் 35 வர வேண்டும். அன்றைய வேர்டில் விடை, இப்போதைய நிலவின் பிறை, ஒரு சதுரங்க நிலையில் சிறந்த நகர்வு எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். சதுரங்க நகர்வில் ஓர் எண் வரும். உடனே 25 கெட்டுவிடும். அதைச் சரிசெய்தால் இன்னொன்று உடையும். விதிகள் தனித்தனியாக எளியவை, ஒன்றோடொன்று மோதும்போதுதான் கடினமாகின்றன. மென்பொருள் எழுதுபவர்களின் அன்றாடப் பாடு இதுதான். அந்த வாசமே இல்லாதவர்களும் சிரித்துக்கொண்டே அதை அனுபவித்துப் புரிந்துகொள்கிறார்கள்.

2024 தொடக்கத்தில் வந்த 'இன்ஃபினிட் கிராஃப்ட்' இன்னும் சுவாரசியம். நீர், நெருப்பு, காற்று, நிலம் என நான்கில் தொடங்கி, இரண்டை ஒன்றின்மேல் ஒன்று இழுத்துப் போட்டால் புதிதாக ஒன்று பிறக்கும். இந்தச் சேர்க்கை விளையாட்டு பழையதுதான். ஆனால் முன்பெல்லாம் எது எதோடு சேர்ந்தால் என்ன என்பதை ஒரு மனிதர் எழுதி வைத்திருப்பார், பட்டியல் தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. இங்கே விடையை ஒரு மொழி மாதிரி (language model), அதாவது ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகிய ஏஐ, சொல்கிறது. வெளிவந்தபோது மெட்டாவின் லாமா 2 என்ற மாதிரியைப் பயன்படுத்தியது. இதில் நான் ரசிக்கும் நுணுக்கம் வேறு. ஒரு ஜோடியை உலகில் யாராவது முதல்முறை சேர்க்கும்போதுதான் மாதிரியிடம் கேட்கப்படும். வந்த விடை சேமிக்கப்பட்டு, அடுத்து வரும் அனைவருக்கும் அதுவே தரப்படும். செலவும் மிச்சம், எல்லோரும் ஒரே உலகத்தில் ஆடுகிறோம் என்ற உணர்வும் கிடைக்கிறது. இதுவரை யாருக்கும் வராத ஒன்று உங்களுக்கு வந்தால் 'முதல் கண்டுபிடிப்பு' என்று காட்டும். ஏஐயை வைத்துச் செய்த வேடிக்கைகளில் பெரும்பாலானவை வெறும் அரட்டைப் பெட்டிகளாக இருக்கும்போது, இது ஏஐயைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு விளையாட்டை முன்னால் நிறுத்துகிறது.

புதிய தொழில்நுட்பம் பொதுமக்கள் கண்ணில் முதலில் படுவதும் இத்தகைய பக்கங்களில்தான். இல்லாத மனிதர்களின் முகத்தைக் கணினி உருவாக்கும் என்பதை ஆய்வுக் கட்டுரை படித்து அறிந்தவர்கள் குறைவு. 2019 பிப்ரவரியில் வந்த 'திஸ் பெர்சன் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' பக்கத்தை ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. 2011-இல் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற நிரலாளர் பிரவுசருக்குள் லினக்ஸ் இயங்குதளத்தை ஓடவிட்டபோதும் அது ஒரு வித்தையாகத்தான் தெரிந்தது. அதே பாதையில்தான் இன்று பிரவுசருக்குள்ளேயே படத் திருத்தம், வீடியோ வெட்டுதல், பேச்சை எழுத்தாக்குதல் எல்லாம் நடக்கின்றன. 2025 ஜனவரியில் ஒருவர் 'டூம்' விளையாட்டை ஒரு பிடிஎஃப் கோப்புக்குள் ஓடவிட்டார். பிடிஎஃப்பில் ஜாவாஸ்கிரிப்ட் உண்டு, படிவத்தில் எழுத்துப் பெட்டிகளும் உண்டு. திரையின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெட்டி வைத்து, எழுத்துகளாலேயே படம் காட்டினார். அதைப் பார்த்து வியப்பதோடு நிற்க வேண்டாம். நாம் தாள் என்று நினைத்துத் திறக்கும் கோப்புக்குள் நிரல் ஓட முடியும் என்பதும் அதில் இருக்கிறது.

அங்கிருந்து எச்சரிக்கைப் பக்கம் வருகிறேன், இதில் நான் கறாரானவன். வேடிக்கை என்ற பெயரில் தகவல் பிடுங்குவது பழைய தொழில். பேஸ்புக்கில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியைச் சுமார் 2,70,000 பேர் நிறுவினார்கள். அவர்கள் வழியாக அவர்களுடைய நண்பர்களின் தகவலும் எடுக்கப்பட்டு, 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018-இல் பேஸ்புக்கே சொன்னது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் என்று பேசப்பட்டது அதுதான். "நீங்கள் எந்த மிருகம்?" என்று கேட்கும் பக்கம், விடை சொல்வதற்கு முன் சமூக வலைத்தளக் கணக்கின் அனுமதி கேட்டால் மூடிவிடுங்கள். பிறந்த தேதி, முதல் பள்ளி, செல்லப் பிராணியின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துப் புனைபெயர் உருவாக்கித் தரும் விளையாட்டுகளும் அப்படித்தான். கணக்கை மீட்கக் கேட்கும் ரகசியக் கேள்விகளின் பதில்கள் அவை.

எல்லாத் தகவல் சேகரிப்பும் கெட்டதும் அல்ல. 2016-இல் கூகுள் வெளியிட்ட 'குவிக், டிரா!' விளையாட்டில் 20 நொடியில் நீங்கள் வரைவதைக் கணினி ஊகிக்கும். அப்படிச் சேர்ந்த 5 கோடி ஓவியங்கள் மறு ஆண்டே 345 வகைகளில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. எதற்கு எடுக்கிறோம் என்று சொல்லி எடுத்தார்கள், எடுத்ததைப் பொதுவில் வைத்தார்கள்.

கோப்பைக் கையாளும் கருவிகளுக்கு, அதாவது படத்தைச் சுருக்குவது, பிடிஎஃப் இணைப்பது, பின்னணி நீக்குவது போன்றவற்றுக்கு, எளிய சோதனை ஒன்று உண்டு. பக்கம் முழுதாகத் திறந்ததும் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். வேலை நடந்தால், செயலாக்கம் உங்கள் கணினியில்தான் நடக்கிறது. கூகுள் குரோம் குழு 2018-இல் வெளியிட்ட 'ஸ்கூஷ்' படச் சுருக்கி அப்படிப்பட்டது. வேலை நிற்குமானால், கோப்பு அவர்கள் சர்வருக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் படம் என்றால் பரவாயில்லை. அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, குழந்தையின் முகம் என்றால் வேண்டாம். போட்டோவைக் கார்ட்டூன் ஆக்கும், முகத்தை முதுமையாக்கும் போக்குகள் கிளம்பும்போதெல்லாம் நான் இதையே சொல்லி வருகிறேன். இன்னொன்று, ஏதாவது தளம் பிரபலமானதும் அதே பெயரில் போலிச் செயலிகள் கிளம்பும். வேர்டிலுக்கு அப்படி வந்தவற்றை ஆப் ஸ்டோரிலிருந்து ஆப்பிள் நீக்க வேண்டியிருந்தது. பிரவுசரில் ஓடும் ஒன்றுக்கு 'இதை நிறுவுங்கள்' என்று வந்தால் ஒரு நிமிடம் நிதானியுங்கள்.

அடுத்து என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்திரே கார்பாதி 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்த பழக்கம், அதாவது ஏஐயிடம் சொல்லிச் சொல்லியே நிரலை எழுதவைப்பது, வேடிக்கைத் தளங்களின் எண்ணிக்கையைப் பெருக்கிவிட்டது. இதை நான் வரவேற்கிறேன். எண்ணம் இருந்தும் நிரல் தெரியாமல் நின்றவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் எளிதாகச் செய்ய முடிந்ததாலேயே ஒரே மாதிரியான பக்கங்களும் குவிகின்றன. நிரல் எழுதுவது எளிதாகிவிட்டால் அருமையாக எஞ்சுவது அந்தச் சின்ன விதிதான். அதை இன்னும் மனிதர்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. மற்றொரு போக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் இருப்பது. செக்பாக்ஸுக்குப் பிறகு 2025-இல் ராயல்டியே பத்து லட்சம் சதுரங்கப் பலகைகளை ஒரே பக்கத்தில் விரித்தார். இது தொடர்ந்து வளரும் என்று நினைக்கிறேன். மூன்றாவது, கையால் செய்த தனிப் பக்கங்களின் மறுவருகை. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தனிப் பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009-இல் மூடியது. அதே உணர்வில் 2013-இல் தொடங்கிய நியோசிட்டீஸில் இன்றும் புதுப் பக்கங்கள் பிறக்கின்றன. ஒரே அச்சில் வார்த்த சமூக வலைத்தளப் பக்கங்களால் சலித்தவர்கள் அங்கே ஒருநாள் சுற்றி வர வேண்டும்.

இவற்றின் ஆயுள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். மில்லியன் டாலர் பக்கம் இன்றும் திறக்கிறது, ஆனால் அதன் லிங்க்குகளில் ஏராளமானவை செத்துவிட்டன. பிரவுசரில் விளையாட்டுகளையும் அசைபடங்களையும் ஓடவைத்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தியபோது ஒரு தலைமுறையின் விளையாட்டுகளும் அசைபடங்களும் இருண்டன. ஃபிளாஷ் இல்லாமலே ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டும் 'ரஃபிள்' என்ற திறமூல எமுலேட்டரும் 'ஃபிளாஷ்பாயிண்ட்' சேகரிப்பும் இருப்பதால் அவற்றில் பலவற்றை இன்று மீண்டும் ஆட முடிகிறது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் ரஃபிளைக் கொண்டு அவற்றைப் பிரவுசரிலேயே ஓடவைக்கிறது. இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

நீங்களே ஒன்று செய்து பார்க்க நினைத்தால், முடிந்தவரை ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பில் அடக்குங்கள். வெளியிலிருந்து எழுத்துருவோ பிறர் எழுதிய நிரல் நூலகமோ இழுக்காமல் எல்லாவற்றையும் உள்ளேயே வையுங்கள். பிறர் ஒருமுறை சேமித்துவிட்டால் உங்கள் சர்வர் இல்லாமலும் அது ஓடும். எல்லோரும் சேர்ந்து ஆடுவதாக இருந்தால் சர்வர் தேவைப்படும். அப்போது ஒருவர் ஒரு நொடியில் எத்தனை முறை தட்டலாம் என்ற வரம்பை முதல் நாளே எழுதிவிடுங்கள், பாட்கள் நிச்சயம் வரும். வெளியிட்ட அன்றே பக்கத்தின் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்து ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். இலவசம்தான், கணக்குகூடத் தேவையில்லை.